அளவு ஜாக்கெட்

முனைவர் பட்டத்துக்காக நான் போட்ட திட்டத்தில், முன்னோட்டமாக முப்பது பெண்களை அளக்க வேண்டியிருந்தது. இருபத்தொன்பது பேரை அளந்தேன். முப்பதாவது ஆள் என் அக்கா. அவளை அளக்காமலேயே அளந்ததாக எழுதினேன். அந்த நேரத்தில் அவள் மார்பில் ஒரு கட்டி இருந்தது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கடைசி வரைக்கும் மறைத்து வைத்துச் சொல்ல எனக்குச் சாமர்த்தியமும் இல்லை, பொறுமையும் இல்லை.

தொண்ணூறுகளின் நடுவில் நடந்தது. அம்பத்தூர்ப் பக்கம் ஒரு பெண்கள் பாலிடெக்னிக்கில் ஆடை வடிவமைப்பு சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தேன். அப்பா போன பிறகு கள்ளிக்குப்பத்து வாடகை வீட்டைக் காலி செய்துவிட்டு, ஆவடியில் அக்காவோடு இருந்தேன். மாமா அங்கே பாதுகாப்புத் துறைத் தொழிற்சாலையில் வேலை. குவார்ட்டர்ஸில் இரண்டு அறை, ஒரு சமையற்கட்டு, பின்னால் துணி காயப்போட ஒரு துண்டு இடம். முன்னறையில் மாமாவும் பிள்ளைகளும் படுப்பார்கள். பின்னறையில் நானும் அக்காவும் என் புத்தகங்களும். யாரும் என்னை ஒரு நாளும் சுமையாக நினைத்ததில்லை. முப்பத்தொரு வயதுவரை கல்யாணமாகாமல் இருந்ததைப் பற்றிக்கூட மாமா வாய் திறந்ததில்லை.

ஃபேஷன் டிசைன் என்றால் எங்கள் வரிசையில் யாருக்கும் பிடிபடாது. தையல் டீச்சர் என்பார்கள். நான் அதில் டாக்டர் பட்டம் வாங்கப் போகிறேன் என்று தெரிந்ததும் எதிர்வீட்டுத் திருநெல்வேலி அம்மா, "தையல்ல டாக்டரா? அப்போ கிழிஞ்ச துணிக்கு ஊசி போடுவியாட்டி?" என்று கேட்டுத் தானே சிரித்தார். சிரித்ததோடு விடாமல் வரிசை முழுக்கப் போய்ச் சொல்லிவிட்டும் வந்தார். எனக்கு எரிச்சலாகத்தான் இருந்தது. ஆனால் அந்தக் கேள்விக்கு என்னிடம் உருப்படியான பதில் இல்லை என்பதும் உண்மை.

பதில் பூவிருந்தவல்லியில் கிடைத்தது. வருஷா வருஷம் என் மாணவிகள் ஒரு வெளிநாட்டுப் புத்தகத்தில் இருந்த அளவுப் பட்டியலை வைத்து ரவிக்கைக்குத் தாள் வெட்டுவார்கள். தைத்துப் போட்டால் யாருக்கும் சேராது. தோள் வழுக்கும், கைக்குழி அக்குளை அறுக்கும். "உங்க உடம்புதான் தப்பு" என்று சொல்லாத குறையாக நானும் மார்க் போட்டுக்கொண்டிருந்தேன். அக்காவுடைய ரவிக்கை மட்டும் எப்படி எப்போதும் அச்சாகப் பொருந்துகிறது என்று பார்க்க, அவள் தைக்கக் கொடுக்கும் பாயின் கடைக்கு ஒரு சனிக்கிழமை போனேன்.

பூவிருந்தவல்லி பஸ் நிலையத்துக்குப் பின்னால் சின்னக் கடை. கம்பி முழுக்க ரவிக்கைகள் தொங்கின. ஒவ்வொன்றோடும் தைக்க வேண்டிய துணி சுருட்டிக் கட்டியிருந்தது. அவையெல்லாம் அளவு ஜாக்கெட்டுகள். நம் ஊரில் இதை விளக்கத் தேவையில்லை, ஆனாலும் என் திட்டத்தில் இதற்கு ஒன்றரைப் பக்கம் விளக்கம் எழுத வேண்டியிருந்தது. பெண்கள் தையல்காரரிடம் உடம்பைக் கொடுப்பதில்லை, பொருந்துகிற பழைய ரவிக்கை ஒன்றைக் கொடுப்பார்கள். அவர் அதை அளந்து புதியதைத் தைப்பார். நல்லதாக அமைந்துவிட்ட ஒரு ரவிக்கையை அதற்கென்றே பீரோவில் மடித்து வைத்திருப்பார்கள். பத்து வருஷம் வரைக்கும்கூட அதுவே ஓடும்.

"உடம்பு மாறாதா பாய்?" என்று கேட்டேன்.

"மாறுமே" என்றார் பாய், நாடாவைக் கழுத்தில் போட்டபடி. "மாறினா அவங்களே சொல்வாங்கம்மா. அரை இஞ்ச் விட்டுத் தைங்க, கையைக் கொஞ்சம் புடிங்கன்னு. சொல்லலன்னா எனக்கு எப்படித் தெரியும்? நான் பாக்கறது ஜாக்கெட்டத்தானே."

பஸ்ஸில் திரும்பும்போதே தலைப்பு மனசில் உட்கார்ந்துவிட்டது. நம் பெண்களுக்கென்று ஒரு அளவுப் பட்டியல் கிடையாது, இருப்பது அளவு ஜாக்கெட்டுகள்தான், அவை உடம்பைப் பற்றிச் சொல்வது பாதி பொய். இதை நிரூபித்து, நிஜமான உடம்புகளை அளந்து ஒரு பட்டியல் போட வேண்டும். வாழ்க்கையில் முதல் தடவையாக எனக்கென்று ஒரு யோசனை வந்திருந்தது. அன்று ராத்திரி அக்காவிடம் சொன்னபோது அவள், "இன்னாடி, ஊர்ல கீற பொம்பளைங்களையெல்லாம் அளக்கப் போறியா? நல்ல வேல தான் புடிச்ச" என்றாள். ஆனால் அடுத்த நாளே பத்துப் பேரிடம் பேசிவிட்டு வந்தாள்.

என் கைடு நகரத்துக்குள் ஒரு கல்லூரியில் பேராசிரியை. அவருக்கு இந்தத் தலைப்பு பிடிக்கவில்லை. கோயில் சிற்பங்களில் இருக்கும் உடைகளை எடுத்துக்கொள்ளச் சொன்னார். கல்லில் இருக்கிற பெண் அளக்க வந்தால் கூச்சப்பட மாட்டாள், அந்த வசதி எனக்கும் தெரியும். மூன்று மாதம் அலைந்து, மூன்று தடவை எழுதிக் கொடுத்த பிறகு, ஒரு நிபந்தனையோடு ஒத்துக்கொண்டார். முதலில் முப்பது பெண்களிடம் இரண்டு அளவும் எடுக்க வேண்டும், அளவு ஜாக்கெட்டின் அளவும் உடம்பின் அளவும். இரண்டுக்கும் எவ்வளவு வித்தியாசம் என்று பட்டியல் போட்டுத் திட்டத்தோடு சேர்க்க வேண்டும். "ஜாக்கெட்டை அளந்து உடம்புன்னு எழுதினா, அப்புறம் உனக்கும் அந்த டெய்லருக்கும் என்ன வித்தியாசம்?" என்றார். அந்த வாக்கியத்தை நோட்டின் முதல் பக்கத்தில் எழுதி வைத்துக்கொண்டேன்.

வந்த எல்லோரையும் அக்காதான் பிடித்துக் கொடுத்தாள். எனக்காக யாரும் வரவில்லை. மத்தியானம் மூன்றிலிருந்து ஐந்து, ஷிப்டு முடிந்து சைக்கிள்கள் வருவதற்கு முன்னால், பின்னறைக் கதவைச் சாத்திக்கொண்டு அளப்போம். உள்ளே வரும்வரை சரி சரி என்பவர்கள், நாடாவைக் கண்டதும் புடவையை இழுத்துப் போர்த்திக்கொள்வார்கள். சேலத்துக்காரி ஒருத்தி துண்டுக்கு மேலேயே அளக்கச் சொன்னாள். திருநெல்வேலி அம்மா மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டு முகம் சிவந்து நின்றார். "மூச்ச விடுங்கக்கா, செத்துகித்துப் போயிட்டா இவளுக்கு டாக்டர் பட்டம் வராது" என்று அக்கா சொன்னதும் அவர் சிரித்துவிட்டார், நாடா இரண்டு அங்குலம் நகர்ந்தது. அந்த அளவுதான் சரியானது. அப்படி ஒவ்வொருத்தரையும் ஏதாவது சொல்லிச் சிரிக்க வைத்துத் தளர்த்திவிடுவது அக்காவின் வேலை. நான் அளந்து எழுதுவேன். பெயர் கிடையாது, எண் மட்டும்.

வித்தியாசம் நான் நினைத்ததைவிட அதிகமாகவே வந்தது. குழந்தை பெற்றவர்கள், பருத்தவர்கள், இளைத்தவர்கள், எல்லோரும் பழைய ரவிக்கையைத்தான் தையல்காரரிடம் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். மார்புச் சுற்றில் இரண்டு அங்குலம், கையில் ஒன்று, இப்படி. ஒவ்வொரு வித்தியாசத்தையும் பார்த்து நான் சந்தோஷப்பட்டேன். வெட்கத்தைவிட்டுச் சொல்கிறேன், யாராவது வித்தியாசமாக இருந்தால் எனக்கு லாபம்.

அக்கா மட்டும் மாட்டேன் என்றாள். நான் அதைக் கூச்சம் என்றுகூட நினைக்கவில்லை, சோம்பல் என்று நினைத்தேன். "எனக்கு இன்னாத்துக்கு? என் அளவு ஜாக்கெட் பீரோவுல கீது, எடுத்துக்கோ" என்பாள். "மத்தவங்களைக் கூப்பிடு, நான் எங்க ஓடிப் போறேன்" என்பாள். அதுவும் சரிதானே என்று கடைசிக்குத் தள்ளினேன். ஒரே அறையில், கை நீட்டினால் தொடும் தூரத்தில் படுத்திருந்தோம்.

இருபத்தொன்பது முடிந்தது. திட்டம் கொடுக்கக் கடைசி நாள் வந்துவிட்டது. அம்பத்தூரில் ஒரு டைப்பிங் சென்டரில் மற்றப் பக்கங்களையெல்லாம் கொடுத்திருந்தேன், பட்டியல் மட்டும் பாக்கி. அன்று சாயங்காலம் ஏழு மணிக்குள் போய்ச் சேர வேண்டும். முப்பதாவது வரிசை காலியாக இருந்தது. பீரோவைத் திறந்தேன், அக்காவின் அளவு ஜாக்கெட்டை எடுத்தேன், தரையில் விரித்து அளந்தேன். மற்றவர்களுக்குச் செய்தது மாதிரியே, உடம்புக்கும் துணிக்கும் நடுவில் விடும் தளர்வைக் கழித்து ஜாக்கெட் என்ற கட்டத்தில் எழுதினேன். அதே எண்களை உடம்பு என்ற கட்டத்திலும் எழுதினேன். இரண்டு நிமிஷம்கூட ஆகவில்லை. பெரிய தப்பு செய்கிறோம் என்றெல்லாம் தோன்றவில்லை. அக்காவின் உடம்பு எனக்குத் தெரியாதா என்ன.

நான் தாள்களை அடுக்கிக்கொண்டிருக்கும்போது அக்கா உள்ளே வந்தாள். கதவைச் சாத்தினாள். சமையற்கட்டிலிருந்து நேராக வந்திருக்கிறாள், கை ஈரமாக இருந்தது. புடவையில் துடைத்துக்கொண்டு, முந்தானையைத் தோளிலிருந்து இறக்கி, "சரி, வா. என்னையும் அளந்துடு" என்றாள்.

"போட்டாச்சுக்கா" என்றேன்.

"எப்படிப் போட்ட?"

"உன் ஜாக்கெட்ட வெச்சுத்தான். நீதானே எடுத்துக்க சொன்ன. டைப்பிங் சென்டர் மூடிடுவான், நகரு."

அவள் நகரவில்லை. நான் கிளிப்பைத் தேடிக்கொண்டிருந்தேன். பிறகு முந்தானையை எடுத்துப் போட்டுக்கொண்டு, "மழை வர மாதிரி கீது, கொடை எடுத்துகினு போ" என்றாள். நான் குடை எடுக்காமல் ஓடினேன்.

நாலு மாதம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை, பின்னால் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தவள் பாதியில் நிறுத்திவிட்டாள். இடது கையைத் தூக்க முடியவில்லை. மாமா கேட்டதற்கு ஏதோ சொல்லி மழுப்பினாள். திருநெல்வேலி அம்மாதான் அவளைக் குளியலறைக்குள் கூட்டிப்போய்ப் பார்த்துவிட்டு வெளியே வந்தார். வந்தவர் என்னையும் மாமாவையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போங்க, இன்னிக்கே போங்க" என்றார். அவர் அப்படித் தணிந்து பேசி நான் கேட்டதில்லை.

சென்னையில் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனோம். எவ்வளவு நாளாக இருக்கிறது என்று டாக்டர் கேட்டார். "ஒரு வருசத்துக்கு மேல இருக்கும்" என்றாள் அக்கா, ரேஷன் கடையில் விவரம் சொல்வது மாதிரி. நான் மனசுக்குள் கணக்குப் போட்டேன். முப்பது பேருக்கும் முன்னால். பாயின் கடைக்கு நான் போவதற்கும் முன்னால். வீட்டில் யாரும் கவனிக்கவில்லையா என்று டாக்டர் கேட்டார். மாமா தரையைப் பார்த்தார். நான் சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்தேன்.

எல்லோரும் அழுதார்கள், பிள்ளைகள் அழுதார்கள், மாமா சைக்கிளை நிறுத்திவிட்டு அதன்மேல் சாய்ந்து அழுததை நானே பார்த்தேன். எனக்கு அழுகை வரவில்லை. ஊசி போட்ட பல் மாதிரி இருந்தது, இருக்கிறது என்று தெரிகிறது, வலிக்கவில்லை. அவளை ஆபரேஷனுக்குக் கூட்டிப்போன அன்று வெளியே பெஞ்சில் உட்கார்ந்து மாணவிகளின் விடைத்தாள்களைத் திருத்தினேன். கவனமாகத் திருத்தினேன், ஒரு மார்க் கூடக் கூட்டலில் தவறவில்லை. பார்த்தவர்கள் என்னைக் கல்நெஞ்சக்காரி என்று நினைத்திருப்பார்கள். நினைக்கட்டும் என்றும் தோன்றவில்லை.

ஒரு பக்கத்து மார்பை எடுத்துவிட்டார்கள். வீட்டுக்கு வந்த பிறகு, கை இறுகிப் போகாமல் இருக்க, விரல்களைச் சுவரில் வைத்துக் கொஞ்சம் கொஞ்சமாக மேலே ஏற்றச் சொல்லியிருந்தார்கள். தினமும் பின்னறைச் சுவரில் அதைச் செய்வாள். எதுவரை ஏறியது என்று நான் பென்சிலால் கோடு போடுவேன். அளப்பதுதானே எனக்குத் தெரிந்த தொழில். ஒரு நாள் அப்படிச் செய்துகொண்டிருக்கும்போது, திரும்பாமலேயே சொன்னாள்.

"அன்னிக்கு அளக்க சொன்னேனே, ஞாபகம் கீதா?"

"ம்."

"வாயால சொல்ல எனக்கு வரல. மாமாகிட்டயும் வரல. நீ டேப்பு போட்டா உன் கைக்கே தெரிஞ்சிடும், நான் சொல்ல வேணாம்னு நெனச்சேன். அதுக்கே எனக்கு ஒரு மாசம் ஆச்சு, மனசைத் தேத்திகினு வர."

நான் சுவரில் அன்றைய கோட்டைப் போட்டேன். மன்னித்துக்கொள் என்று சொல்லியிருக்கலாம். காலில் விழுந்திருக்கலாம். ஏதாவது ஒன்று செய்திருக்க வேண்டும். "இன்னும் ரெண்டு இஞ்ச் ஏத்துக்கா" என்றேன். அவளும் ஏற்றினாள்.

இதற்கு நடுவில் என் திட்டம் தன்பாட்டுக்கு நகர்ந்துகொண்டிருந்தது. அதற்கு அனுமதி கொடுக்கும் குழு கூடும் தேதி கடிதத்தில் வந்தது. போக வேண்டாம் என்று நினைத்தேன். அக்காதான் விடவில்லை. "அத்தினி பொம்பளைங்களைத் துணி அவுக்க வெச்சிருக்கேன், போகலன்னா என்னை வுட்டுடுவாங்களா" என்றாள்.

மேஜைக்கு அந்தப் பக்கம் மூன்று பேர் இருந்தார்கள். கைடு, இன்னொரு பேராசிரியை, புள்ளியியல் ஆசிரியர் ஒருவர். நோக்கம் என்ன, எந்தெந்த ஊர்களில் அளக்கப் போகிறாய், எத்தனை பேர், யார் உதவி, எல்லாம் கேட்டார்கள். நான் சொன்னேன். என் குரல் நன்றாகவே இருந்தது. புள்ளியியல் ஆசிரியர் மட்டும் எதுவும் கேட்காமல் பின்னால் இணைத்திருந்த பட்டியலில் விரலை வைத்து மேலிருந்து கீழே வந்துகொண்டிருந்தார். கடைசி வரிசையில் விரல் நின்றது.

"இருபத்தொன்பது பேருக்கு ஜாக்கெட்டுக்கும் உடம்புக்கும் வித்தியாசம் வருது" என்றார். "முப்பதாவது ஆளுக்கு ஒரு அளவுலகூட வித்தியாசம் இல்லை. எல்லாம் பூஜ்யம். எப்படிம்மா?"

கைடு என்னைப் பார்த்தார். அவருக்குப் புரிந்திருக்கும் என்றுதான் இன்றைக்கும் நினைக்கிறேன். உண்மையைச் சொல்ல அதைவிட நல்ல இடம் எனக்குக் கிடைத்திருக்காது. அளக்கவில்லை சார், அளந்திருந்தால் நாலு மாதம் முன்னாலேயே தெரிந்திருக்கும் சார், என்று சொல்லியிருக்கலாம். வாக்கியம் முழுதாக வாய்வரை வந்தது.

"அவங்க உடம்பு மாறவே இல்ல சார்" என்றேன்.

"குடுத்து வெச்சவங்க" என்று சிரித்து, அவர் பக்கத்தைத் திருப்பினார்.

மூன்று பேரும் கையெழுத்துப் போட்டார்கள். வெளியே வந்து ரயில் பிடித்தேன். வில்லிவாக்கம் தாண்டும்போது அழுகை வரும் என்று எதிர்பார்த்தேன், அம்பத்தூரிலாவது வரும் என்று நினைத்தேன். வரவில்லை. பக்கத்தில் இருந்தவள் கூடையிலிருந்து ஒரு கொய்யாப்பழம் எடுத்துக் கொடுத்தாள், தின்றேன்.

வீட்டில் அக்கா படுத்திருந்தாள். என்னைப் பார்த்ததும் எழுந்து உட்கார்ந்து, "கெடச்சுதா?" என்றாள். கிடைத்தது என்றேன். அவள் முகம் எப்படி மலர்ந்தது என்று எழுத எனக்கு வராது. அதன்பிறகு அவள் மூன்று வருஷம் இருந்தாள், அவ்வளவு சந்தோஷமாக நான் அவளை மறுபடி பார்க்கவில்லை. "அப்ப எதிர் லைன்ல நாலு பேர்கிட்ட சொல்லி வெச்சிருக்கேன். இந்தப் பக்கம் ஆரம்பிச்சிட்டுத் தானே திருவேற்காடு, காட்டுப்பாக்கம்லாம் போவ?" என்றாள்.

நான் பையிலிருந்து நாடாவை எடுத்தேன். கதவைச் சாத்தினேன்.

"முதல்ல உன்ன அளக்கணும்க்கா."

அக்கா என் கையைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள். முந்தானையை எடுக்கவில்லை.

"இப்ப அளந்து இன்னாடி பண்ணப் போற?" என்றாள். கோபத்தில் கேட்கவில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள்.